எண்ணூர் முகத்துவாரத்துக் கிளிஞ்சல்கள், ஒரு கல், ஒரு பறி: அருங்காட்சியகத்தில் யாரிடம் கொடுப்பது?

கேள்வி: எர்ணாவூர் ஆசிரியை

வணக்கம். எர்ணாவூர்ப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். எங்கள் பிள்ளைகளில் பலர் கத்திவாக்கம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் பகுதிகளிலிருந்து வருபவர்கள். மெல்லுடலிகள் பாடம் நடந்தபோது ஒரு பையன் எழுந்து, “டீச்சர், இதெல்லாம் எங்கள் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது” என்றான். அதிலிருந்து முகத்துவாரத்திலும் கொசஸ்தலை ஆற்றங்கரையிலும் கிடைப்பதைப் பொறுக்கிவந்து சேர்க்கிறார்கள். உயிரோடு இருப்பதைத் தொடக்கூடாது என்பதுதான் நான் விதித்த ஒரே நிபந்தனை.

இப்போது ஆய்வகத்தின் மர அலமாரி நிறைந்துவிட்டது. மட்டி, ஆழி, சோழி, சங்கு, நண்டின் மேலோடு, வலையில் வந்து காய்ந்துபோன ஒரு கடற்குதிரை, கரை ஒதுங்கிய ஆமையின் மண்டையோடு. ஒவ்வொன்றோடும் நோட்டுத்தாளில் எழுதிய ஒரு சீட்டு இருக்கிறது: யார் எடுத்தது, எந்த இடம், எந்தத் தேதி, வீட்டில் அதற்கு என்ன பெயர். “ரயில் பாலத்துக்குக் கிழக்கே, தண்ணீர் வற்றியபோது, சித்தப்பா காட்டினார்” என்று ஒரு மாணவி எழுதியிருக்கிறாள். அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் இது பள்ளி அலமாரியோடு முடங்கிவிடக்கூடாது என்று தோன்றுகிறது.

பல மட்டி ஓடுகளில், மூட்டுக்குப் பக்கத்தில், கம்பு தானியம் நுழையும் அளவுக்கு ஒரு வட்டத் துளை இருக்கிறது. விளிம்பு உள்நோக்கிச் சரிந்து, தச்சர் திருகாணிக்குக் குழி எடுத்ததுபோல் அவ்வளவு ஒழுங்கு. அந்தக் காலத்து மக்கள் மாலை கோக்கப் போட்ட துளை என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். உண்மையா?

பூண்டிப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போன ஒரு மாணவன், உள்ளங்கை அளவில், இருபுறமும் சில்லு பெயர்த்த பழுப்புக் கல் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறான். கற்காலக் கைக்கோடரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. இதற்குத்தான் சரியான பதில் வேண்டும். எங்கள் மாணவன் ஒருவனின் பாட்டி இருளர். ஆற்றில் இறங்கி வெறுங்கையால் இறால் பிடித்தே குடும்பத்தைக் காப்பாற்றியவர். அவர் பயன்படுத்திய பனையோலைப் பறியை, அதாவது பிடித்த இறாலைப் போட்டுவைக்கும் கூடையை, பேரனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். வாய்ப்பகுதியில் ஒரு பக்கம் மட்டும் ஓலை கறுத்து நைந்திருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வரிசையாகப் பல் பதிந்த குழிகள் தெரிகின்றன. இடுப்பளவு தண்ணீரில் அமர்ந்து இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவும்போது, பறியைப் பிடித்துக்கொள்ளப் பல்லைத் தவிர வேறெதுவும் மிச்சமில்லை. கையில் அகப்படும் இறாலை அப்படியே முகத்துக்குக் கீழே இருக்கும் பறியில் போட்டுவிட்டு, கை மறுபடி சேற்றுக்குள் போய்விடும்.

இவற்றை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா? வாங்கிக்கொள்வார்களா? அதுவரை எப்படிப் பாதுகாப்பது?

மறுமொழி: பெரம்பூர் பெரியவர்

அம்மா, வணக்கம். அருங்காட்சியக விலங்கியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சீட்டோடு சேர்த்துப் பொருளை வைத்திருக்கிறீர்கள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. இடமும் தேதியும் இல்லாத எத்தனையோ அழகான சங்குகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஆய்வுக்கு ஒன்றுமே சொல்ல முடியாமல் நின்றிருக்கிறோம்.

முதலில் துளை. அதைப் போட்டது மனிதர் அல்ல, ஒரு நத்தை. நாட்டிசிடே குடும்பத்தைச் சேர்ந்த, உருண்டையான வழுவழுப்பு ஓட்டு நத்தை. மணலுக்குள்ளேயே ஊர்ந்து திரியும். மட்டியைத் தன் அகன்ற பாதத்தால் சுற்றி வளைத்துக்கொண்டு, ஓட்டின்மேல் அமிலத்தன்மையுள்ள சுரப்பைப் பூசி இளக்கி, பல் வரிசையுள்ள நாக்கால் சுரண்டும். மறுபடி பூசும், மறுபடி சுரண்டும். துளை விழப் பல மணி நேரம் ஆகும். பிறகு உறிஞ்சுகுழலை உள்ளே விட்டுச் சதையைத் தின்றுவிடும். விளிம்பு சரிந்திருந்தால் இந்த நத்தை; துளையின் சுவர் நேராக இறங்கினால் பெரும்பாலும் முள்சங்குக் குடும்பத்தின் வேலை. பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அவர்களிடம் ஒரு கொலையின் தடயம் இருக்கிறது என்று சொல்லுங்கள். துளைபட்ட ஓடு எத்தனை, படாதது எத்தனை, துளை எந்த இடத்தில், ஓட்டின் அளவு என்ன என்று ஒரு அட்டவணை போடச் சொல்லுங்கள். அது முழுமையான ஆய்வு.

இந்த ஊரில் கடற்கரைக் கிளிஞ்சலைப் பொறுக்கி அறிவியல் செய்தவர்கள் உங்களுக்கு முன்பே உண்டு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1920 முதல் 1940 வரை இருந்த கிரேவ்லி, சென்னைக் கடற்கரையில் கிடைத்த ஓடுகளையும் பிற உயிரின எச்சங்களையும் இனம் பிரித்து, அருங்காட்சியக வெளியீடாக 1941, 1942 ஆண்டுகளில் இரண்டு பகுதிகள் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் இருந்தாலும் படங்களை வைத்து உங்கள் மாணவர்கள் ஒப்பிட்டுவிடுவார்கள். பெயர் உறுதியாகாதவற்றுக்கு, சாந்தோமில் இருக்கும் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள்.

சீட்டில் இன்னொரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ஓடு கிடந்தது இயற்கையான கரையா, துறைமுகத்துக்காகத் தூர்வாரிக் கொட்டிய மண்மேடா? கழிமுகத்தின் அடியில் பழைய ஓட்டுப் படுகைகள் உண்டு. சுண்ணாம்புக் காளவாய்களுக்குப் பழவேற்காட்டிலும் எண்ணூரிலும் அவற்றைத்தான் தோண்டினார்கள். தூர்வாரிய மண்ணில் வந்த ஓடு மிகப் பழையதாக இருக்கலாம். இடம் எழுதாவிட்டால் அதை இன்றைய உயிரினம் என்று நாளைக்கு ஒருவர் நம்பிவிடுவார்.

மர அலமாரியை இன்றே காலி செய்யுங்கள். மரத்திலிருந்தும் மலிவான அட்டைப்பெட்டியிலிருந்தும் கசியும் அமில ஆவி, நம் ஊர் ஈரக்காற்றோடு சேர்ந்து ஓட்டின்மேல் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். பைன் நோய் என்பார்கள். பெயர்தான் நோய், கிருமி எதுவும் கிடையாது. முகர்ந்தால் லேசாகப் புளித்த வாடை அடிக்கும். உப்புப் போக நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் நன்றாகக் காயவைத்து, தனித்தனி பாலிதீன் உறையில் சீட்டோடு போட்டு, இரும்பு அலமாரியில் வையுங்கள். வார்னிஷ் பூச வேண்டாம். சீட்டைப் புதிதாகப் படியெடுத்தாலும் பிள்ளைகள் எழுதிய மூலத்தைத் தூக்கி எறியாதீர்கள்.

கடற்குதிரை, ஆமை மண்டையோடு இரண்டும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. செத்துக் கிடந்ததாக இருந்தாலும் பள்ளியில் வைத்திருக்க முடியாது. வனத்துறைக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்படைத்துவிடுங்கள். ஜனவரி முதல் பங்குனி வரை நம் கரையில் ஒதுங்குவது பெரும்பாலும் பங்குனி ஆமை. அடுத்த முறை பிள்ளைகள் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு வந்தால் போதும்.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லும்போது எனக்கே பரபரப்பாக இருக்கிறது. நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு சக நிலவியலாளர் வில்லியம் கிங்கோடு அத்திரம்பாக்கத்துக்குப் போனார். அங்கே தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழுவினர் செய்த அகழாய்வில், மிகப் பழைய கைக்கோடரிகளுக்கு சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று கணித்து 2011இல் வெளியிட்டார்கள். அத்திரம்பாக்கம் இருப்பது கொசஸ்தலை ஆற்றுப் படுகையில். உங்கள் பிள்ளைகள் கிளிஞ்சல் பொறுக்கும் அதே ஆறு! ஆனால் கிடந்த மண்ணடுக்கிலிருந்து பிரித்தெடுத்த கல் பாதிச் செய்தியை இழந்துவிடும். மாணவனைக் கடிந்துகொள்ளாமல், எடுத்த இடத்தை நினைவிருக்கும்போதே வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். பூண்டி நீர்த்தேக்கத்தருகே அவர்களுடைய தொல்பழங்கால அகழ்வைப்பகமே இருக்கிறது. ஃபூட் தன் சேகரிப்பை 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றபோது, எந்தக் கல் எந்த ஊர் என்ற குறிப்பும் சேர்ந்து வந்தது. அதனால்தான் இன்றும் ஆய்வாளர்கள் அதைத் தேடிப் போகிறார்கள்.

பறியை எழும்பூரில் மானிடவியல் பிரிவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிடுங்கள் என்பது என் கருத்து. பள்ளியில் வைத்தால் பூச்சி அரித்துவிடும். அதுவரை காற்றுப் புகாத பாலிதீன் பையில் கட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தெடுத்தால் ஓலையிலுள்ள புழுவும் முட்டையும் சாகும்.

மறுமொழி: மீஞ்சூர் இருளர் மகள்

டீச்சருக்கும் பெரியவர் ஐயாவுக்கும் வணக்கம். நான் மீஞ்சூர்ப் பக்கத்து இருளர் குடும்பத்தில் பிறந்தவள். சமூகப்பணி படித்திருக்கிறேன். என் ஆயாவும் பறியைப் பல்லில் கவ்வி ஆற்றில் இறங்கியவர்தான். ஐயா சொன்ன எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். கடைசிப் பத்தியில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை.

எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை அதே அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் 7 தொகுதிகள் வெளியிட்டார். இருளரும் அதில் உண்டு. மூக்கின் அகலத்தையும் தலையின் நீளத்தையும் அளந்து எழுதினார். படங்களின் கீழே பெரும்பாலும் இனப்பெயர்தான் இருக்கிறது. நிற்பவர் யார், யாருடைய மகள் என்று தெரியாது. ஃபூட் ஒவ்வொரு கல்லுக்கும் ஊர் எழுதிவைத்தார் என்று ஐயா மகிழ்ச்சியோடு சொல்கிறார். அந்த மரியாதை எங்கள் பாட்டிமார்களுக்குக் கிடைக்கவில்லை. அன்பளிப்புப் பதிவேட்டில் “இருளர் கூடை, பனையோலை, வழங்கியவர்: பள்ளி” என்று எழுதிவிட்டால் நூறு ஆண்டு கழித்தும் அதே நிலைதான்.

முதலில் அந்த ஆயாவிடம் போய்க் கேளுங்கள் டீச்சர். பிள்ளைகளுக்குக் காட்டத்தான் அவர் கொடுத்தனுப்பியிருப்பார். எழும்பூரில் கண்ணாடிப் பேழைக்குள் போகும், பிறகு திரும்பி வராது என்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் சரி என்றால் கொடுங்கள். கொஞ்ச காலத்துக்கு மட்டும் என்றால் இரவலாகக் கொடுங்கள்.

கேட்டு எழுதுவதற்கும் நிறைய இருக்கிறது. முடைந்தவர் யார், அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார், எந்த மரத்துக் குருத்தோலை, எந்தக் கரையில் இறங்குவார், நீர் வடியும் வத்தத்திலா, நீர் ஏறும் வெள்ளத்திலா, எந்த மாதத்தில் வெள்ளை இறால், எப்போது நண்டு. சேற்றில் விரல் படும்போது இறால் எது, முள்ளுள்ள கெளுத்தி எது என்று கண்ணால் பார்க்காமலே எப்படித் தெரிகிறது? என் ஆயா பேசிக்கொண்டே பிடிப்பார். கை மட்டும் தன் பாட்டுக்குப் போகும், வரும். அதைப் பார்த்து எழுதினால் கிரேவ்லியின் பட்டியலுக்குக் குறையாத இயற்கை வரலாறு அது.

இதில் எங்களுக்கு வேறொரு காரியமும் இருக்கிறது. பழங்குடிச் சான்றிதழ் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு நாங்கள் நடையாக நடந்தபோது, “நீங்கள் இந்த ஊரில் பரம்பரையாக இருப்பவர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டார்கள். பட்டா இல்லை, பத்திரம் இல்லை. இன்ன ஊர் இருளர் பெண், இன்ன பெயர், இந்த ஆற்றில் இந்தத் தொழில் செய்தார் என்று ஓர் அரசு நிறுவனத்தின் பதிவேட்டில் ஆண்டோடு ஒரு வரி இருந்தால், அது அவருடைய பேரப்பிள்ளைகளின் கையில் ஒரு காகிதம்.

எல்லாவற்றையும் எழுதிவிடவும் கூடாது. எந்தச் செடியை எதற்கு அரைப்பார்கள் என்பதெல்லாம் குடும்பத்துக்குள் இருப்பது. கன்னியம்மன் வழிபாட்டைப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் நாங்கள் கூடும்போது, கேட்காமலே முகத்துக்கு முன் கேமராவை நீட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆயா வேண்டாம் என்று சொன்னதை வேண்டாம் என்றே விட்டுவிடுங்கள்.

மறுமொழி: காட்டுக்குப்பம் மீனவன்

ஆசிரியர் அம்மா, அலமாரியில் காக்கா ஆழி இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பாக, மெலிந்த ஓட்டோடு, கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். அது நம் ஊர் ஆழி இல்லை. தென்னமெரிக்கப் பக்கத்து இனம், கப்பல்களோடு வந்திருக்கும் என்கிறார்கள். மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்று அறிவியல் பெயர் சொன்னார்கள். எண்ணூர் ஆற்றின் அடித்தரையைக் கம்பளம் விரித்ததுபோல் மூடிவிட்டது. முன்பு கால் வைத்தால் சேறு இறங்கும். இப்போது கூரான ஓடு கிழிக்கிறது. இறால் புதைந்து மேயச் சேறு வேண்டும், அந்தச் சேறே அடியில் மாட்டிக்கொண்டது. பச்சை ஆழியும் மட்டியும் குறைந்துபோயின. கையால் தடவிப் பிடிக்கும் இருளர் சகோதரிகளுக்கு எங்களைவிட அதிகக் கஷ்டம், எங்களுக்காவது வலை இருக்கிறது.

எந்தக் கரையில் எந்த மாதம் இது முதலில் தென்பட்டது என்று எங்கள் குப்பத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொல்வார்கள். பிள்ளைகளை அனுப்புங்கள். சாயங்காலம் வலை பிரிக்கும் நேரத்தில் வந்தால் உட்கார்ந்து பேசுவோம். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடத்தையும் காட்டுகிறோம்.

மறுமொழி: பெரம்பூர் பெரியவர்

தம்பி சொன்னது பெரிய செய்தி. கிரேவ்லியின் பட்டியலில் இந்த இனம் இல்லை. கேரளக் காயல்களில் 2019 வாக்கில்தான் இதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். 1941இல் இல்லாததும் இன்று இருப்பதும் தேதியோடு பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான், இடையில் ஆற்றுக்கு என்ன நடந்தது என்று பேச முடியும். காலி ஓடுகள் குவியலாகக் கிடக்குமே, அவற்றை இடவாரியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள் அம்மா.

மீஞ்சூர் மகளே, நீ சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். இரவலாகக் கொடுக்க வழி உண்டு. பொருள் யாருடையது, எத்தனை காலம், படம் எடுக்கலாமா, குறிப்புப் பலகையில் என்ன எழுத வேண்டும் என்று எழுத்தில் கொடுத்து இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். தமிழில் எழுதி, கையெழுத்துப் போடுமுன் ஆயாவுக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டுங்கள்.

மறுமொழி: எர்ணாவூர் ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. ஓடுகளெல்லாம் இரும்பு அலமாரிக்கு மாறிவிட்டன. சிலவற்றில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. ஐயா சொன்ன அதே புளித்த வாடை. கடற்குதிரையையும் மண்டையோட்டையும் ஒப்படைக்கக் கடிதம் தயார். அலமாரியில் காக்கா ஆழி இருக்கிறது, பிள்ளைகள் அதைச் சாதாரண ஆழி என்று எழுதியிருக்கிறார்கள். சீட்டை அடிக்காமல் கீழே இன்னொரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆயாவைப் போய்ப் பார்த்தேன். பேரனும் உடன் இருந்தான். மீஞ்சூர் சகோதரி எழுதியதை அப்படியே படித்துக்காட்டினேன். நெடுநேரம் பேசினார். பறியை நிரந்தரமாகக் கொடுக்க விருப்பமில்லை. அவருடைய அம்மா முடைந்தது அது என்று அப்போதுதான் தெரிந்தது. வாய்விளிம்பில் இருக்கும் பல் தடங்களில் சில அம்மாவுடையவை என்று விரல் வைத்துக் காட்டினார். ஓராண்டு எழும்பூரில் இருக்கலாம், பிறகு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அம்மா பெயரும் தன் பெயரும் இருக்க வேண்டும், ஊர்ப் பெயராகப் பழைய குடியிருப்பின் பெயரைத்தான் எழுத வேண்டும். பிள்ளைகள் வந்தால் புதிதாக ஒரு பறி முடையக் கற்றுத்தருவதாகவும், அதைப் பள்ளியே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். எந்தத் துறையில் இறங்குவார் என்பதை எழுதலாம். மருந்துச் செடிகளைப் பற்றிக் கேட்டபோது தலையசைத்துவிட்டார், நானும் பேச்சை மாற்றிவிட்டேன்.

ஐயா, அந்த இரவல் பத்திரத்தின் வரைவை எழுதிக்கொடுக்க முடியுமா? எழும்பூருக்கு ஆயாவையும் பேரனையும் அழைத்துப்போக நினைக்கிறேன்.

மறுமொழி: பெரம்பூர் பெரியவர்

எழுதி இன்றிரவே இங்கே போடுகிறேன். மீஞ்சூர் மகள் படித்துத் திருத்தட்டும். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, மற்ற நாளில் போங்கள். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரலில் மாறி எழும்பூரில் இறங்கலாம். ஆயா படிக்கட்டு ஏறத் தேவையில்லை, மின்தூக்கி இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள். பறியைப் பாலிதீனில் கட்டியே கொண்டுபோங்கள், உள்ளே போனதும் ஆயாவே பிரித்துக் காட்டட்டும். நானும் பெரம்பூரிலிருந்து வந்துவிடுகிறேன்.